புகையே இல்லாத அடுப்பும் திறந்து கிடந்த வாசல் கதவும்

ஹாஸெல்பெக்,
வியாழக்கிழமை, பொழுது சாயும் நேரம்.

மிகுந்த மரியாதைக்குரிய மச்சான் டெர்க் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஃபென்னாவின் கணவன் எக்பெர்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் வருகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள் மச்சான், தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். நான் நலம். உயிரோடு இருக்கிறேன். மூச்சு ஒழுங்காக வந்து போகிறது, மத்தியானம் வழக்கத்துக்கு மேலேயே ரொட்டி சாப்பிட்டேன், இதை என் கையாலேயே எழுதுகிறேன், கோழி கிளறின மாதிரி இருக்கிற இந்தக் கையெழுத்தே அதற்குச் சாட்சி. வேறு யாராவது வேறு மாதிரி ஏதாவது சொன்னால் நம்ப வேண்டாம். சொல்ல மாட்டார்கள், சொல்லக் கிளம்பினவர்களை எல்லாம் நிறுத்திவிட்டோம். அங்கே தங்கள் இடுப்பு வலி, தங்கள் வீட்டு அக்காவின் இருமல், ஃபென்னாவின் கோபம் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று அறிய மிகவும் ஆவல்.

விஷயத்துக்கு வருகிறேன். வீடு சூடாகிவிட்டது! மச்சான், வீடு சூடாகிவிட்டது! வெளியே தண்ணீர்த் தொட்டி பாறையாக உறைந்து கிடக்கிறது, உள்ளே நான் சட்டைக்கையை மடக்கி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை ஃபென்னாவிடம் போனில் சொல்லலாம் என்றால் என் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறாள். நீங்களோ தலைமையாசிரியராக இருந்தவர், “எழுத்தில் இல்லாததை நான் நம்புவதில்லை எக்பெர்ட், நடந்ததை வரிசையாக எழுதி அனுப்பு, நியாயம் உன் பக்கம் இருந்தால் அவளை அனுப்பி வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டீர்கள். ஆகவே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் தங்கை போட்ட நிபந்தனை இரண்டே இரண்டுதான் என்பதை மட்டும் முதலில் ஞாபகப்படுத்திவிடுகிறேன். ஒன்று, வீடு சூடாக இருக்க வேண்டும். மற்றொன்று, அந்த அடுப்பைப் பற்றிக் குறை சொல்ல அக்கம்பக்கத்திலிருந்து ஒருத்தர்கூட நம் வீட்டுப் படி ஏறக்கூடாது. இரண்டும் நிறைவேறிவிட்டன. இரண்டாவது எப்படி நிறைவேறியது என்பதைத்தான் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

போன குளிர்காலத்தில் ஃபென்னாவுக்கு விரல் வீங்கி, சர்ச்சில் ஆர்கன் வாசிக்க முடியாமல் பாட்டு நடுவிலேயே எழுந்து வந்துவிட்டாளே, அன்றைக்கே முடிவு பண்ணினேன், இந்த வீட்டை எப்படியாவது சூடாக்கிக் காட்டுகிறேன் என்று. கேஸ் எரித்துக் கட்டுப்படியாகாது, விறகு எரிக்க எனக்கு முதுகு இல்லை. அப்போதுதான் நம்ம ஊர் வாத்தியக்குழுக்காரர்கள் புத்தாண்டுக்கு மாவு உருண்டை பொரித்து விற்றுவிட்டு மிச்ச எண்ணெயை டிரம் டிரம்மாக மண்டபத்துக்குப் பின்னால் வைத்திருந்ததைப் பார்த்தேன். சிப்ஸ் கடையிலும் வாரா வாரம் அதே கதை. நல்லா எரியிற சாமான் மச்சான்! அதை லாரி வந்து அள்ளிக்கொண்டு போகிறது, இங்கே ஒரு பொம்பளைக்கு விரல் மடங்க மாட்டேன் என்கிறது! ஒரு பழைய வெந்நீர் டிரம்மை அறுத்தேன், அடியில் இரும்புத் தட்டு வைத்தேன், மேலேயிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாய் விழக் குழாய் வைத்தேன், காற்றடிக்க ஒரு விசிறி, புகைக்கூண்டுக்குப் பைப், அவ்வளவுதான். முதல் தடவை பற்ற வைத்தபோது எனக்கே கைதட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஆனால் அன்றைக்குத் திங்கட்கிழமை. அதுதான் நான் செய்த தப்பு. திங்கட்கிழமை ஊரே துணி துவைத்துக் காயப்போடுகிற நாள் என்று தெரிந்தும், சந்தோஷத்தில் மறந்துபோச்சு. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது போல, அடுப்பு சடசடவென்று வெடித்து, புகைக்கூண்டிலிருந்து கன்னங்கரேலென்று ஒரு புகை கிளம்பி, நேரே பக்கத்து வீட்டு ட்ராய்டாவின் கொடிக்குத்தான் போனது. வெள்ளைப் படுக்கை விரிப்பு, வெள்ளை மேசை விரிப்பு, அவள் புருஷன் வெஸ்ஸலின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, எல்லாம் கரி. ட்ராய்டா வெளியே வந்தாள், கொடியைப் பார்த்தாள், எங்கள் கூரையைப் பார்த்தாள், “உங்க வீட்ல நல்லா எரியுது போலிருக்கே அண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தனையையும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய் மறுபடி துவைக்க ஆரம்பித்துவிட்டாள். ஃபென்னா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். “திட்டியிருந்தா நிம்மதியா இருப்பேன், திட்டாம போயிட்டாளே! ஏன் மனுஷா, நாளைக்கு நம்ம சவப்பெட்டியைத் தூக்கப்போறவங்க அவங்க. அவங்க வெள்ளைத் துணியில கரியைப் பூசிட்டு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவங்க தோள்ல ஏறிப் படுப்பீங்க?” என்று கேட்டுவிட்டுப் பெட்டி கட்டினாள். மறுநாள் உங்கள் வீட்டில் இருந்தாள். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

அவள் கேட்டதில் தப்பில்லை. நீங்கள் சுட்ஃபெனுக்குக் குடிபோய் டவுன்காரர் ஆகிவிட்டீர்கள், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது என்று அக்கா சொன்னாள். நம்ம பக்கம் இன்னும் பழைய முறைதான். முதல் பக்கத்து வீட்டுக்காரர் என்றால் சும்மா இல்லை. பிள்ளை பிறந்தால் ஏணி நீளத்துக்குத் திராட்சை ரொட்டி சுமந்து வருவதும் அவர்தான், செத்தால் துணி மாற்றிக் கிடத்தி, கடிகாரத்தை நிறுத்தி, பெட்டியைத் தூக்கி, வந்தவர்களுக்கெல்லாம் காபி ஊற்றுவதும் அவர்தான். வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து அழுதால் போதும். எங்களுக்கு அந்த முதல் பக்கத்துக்காரர் வெஸ்ஸல். வாயைத் திறந்தால் “இதைவிட மோசமா இருந்திருக்கலாம்” என்ற ஒரே வாசகம்தான் வரும், கல்யாணத்திலும் அதேதான், கன்று செத்தாலும் அதேதான். அந்த மனிதரையும் ட்ராய்டாவையும் இனி ஒரு துளி தொந்தரவு செய்வதில்லை என்று சபதம் எடுத்தேன் மச்சான். என்ன பாடுபட்டேன் தெரியுமா!

முதலில் புகை. எண்ணெயை ஃபென்னாவின் பழைய காலுறையில் வடிகட்டினேன் (அவளிடம் சொல்ல வேண்டாம், நல்ல காலுறை ஒன்றும் அதில் சேர்ந்துவிட்டது), தண்ணீர் அடியில் இறங்கும்வரை விட்டுவைத்தேன், காற்றைக் கூட்டினேன், குறைத்தேன், கடைசியில் வெள்ளையாக ஒரு சுடர் நின்றது பாருங்கள், புகைக்கூண்டின் வாயில் காற்று லேசாக நெளிவதைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. சரி, புகை போச்சு என்றால் சத்தம் வந்துவிட்டது. அடுப்பு ‘தப் தப் தப்’ என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. வெஸ்ஸல் அவர் டிராக்டர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்து, அணைந்து கிடந்த டிராக்டரை மறுபடி அணைத்துவிட்டுப் போனார். பார்த்தேன், பழைய டிராக்டர் சைலன்சர் ஒன்றைப் பைப்பில் மாட்டினேன், விசிறியை வைக்கோல் பெட்டிக்குள் வைத்தேன், சத்தம் அடங்கியது. அடுத்தது வாடை. வெஸ்ஸலின் நாய் வேலை வெட்டியெல்லாம் விட்டுவிட்டு எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்து வாலாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. அதற்குச் சூட்டை இன்னும் ஏற்றினேன். வாடையும் எரிந்துபோனது. நாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனதே, அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

அதோடு விட்டேனா? எண்ணெய் டிரம் உருட்டுகிற சத்தம் கேட்கக்கூடாதென்று வயல் வழியாகப் பெட்டி சைக்கிளில் கொண்டுவந்தேன். முன் அறையில் அந்த டிரம் அடுப்பு அசிங்கமாக நிற்பது ட்ராய்டா கண்ணை உறுத்துமே என்று ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். காலையில் பாட்டுப் பாடுவதைக்கூட நிறுத்தினேன் மச்சான், என் பாட்டைத்தான் உங்களுக்குத் தெரியுமே! இன்னொரு சங்கதி, குளிரில் அந்த எண்ணெய் மெழுகு மாதிரி உறைந்துபோகிறது, உறைந்தால் குழாயில் இறங்காது. கொட்டகையில் வைத்தால் கல். அதனால் இன்று காலை ரெண்டு டிரம்மைக் கொண்டுவந்து, சுவருக்குள் அலமாரி மாதிரிப் பதித்த பாட்டன் காலத்துச் சுவர்க்கட்டில் இருக்கிறதே, அதில் ஃபென்னா படுக்கிற பக்கம் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்க வைத்து, மேலே நல்ல கம்பளிப் போர்வையைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை இழுத்துப் போர்த்திவிட்டு, அடுத்த லோடு எடுக்கச் சிப்ஸ் கடைக்குக் கிளம்பிப் போனேன். நல்ல வெயில், நல்ல பனி, எனக்கு ஒரே குஷி. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஒரு மனுஷன் எப்படி வாழலாம் என்று ஊருக்கே பாடம் எடுக்கலாம் போல இருந்தது.

திரும்பி வரும்போது தூரத்திலேயே பார்த்துவிட்டேன். வாசல் கதவு திறந்து கிடக்கிறது. நம்ம வாசல் கதவு! கல்யாணத்தன்று ஃபென்னா அந்த வழியாக உள்ளே வந்தாள், அப்பாவின் பெட்டி அந்த வழியாக வெளியே போனது, அதற்கப்புறம் அதை யார் திறந்தார்கள்? நாம் எல்லாரும் மாட்டுக்கொட்டில் பக்கத்துப் பின்கதவு ஜாதிதானே. வாசல் கதவு திறந்தால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் சாவு. கல்யாணத்துக்கு அந்த வீட்டில் ஆள் இல்லை. அப்போ யாரோ போயிட்டாங்க. யாரு? அந்த வீட்ல இருக்கிறது நான் ஒருத்தன், நான் இதோ சைக்கிள் மேல இருக்கேன். அப்போ... மச்சான், அந்த நிமிஷம் என் மனசுல வந்தது இதுதான். ஃபென்னாவுக்கு உங்க வீட்ல ஏதோ ஆகி, சேதி இங்க வந்துருச்சு, அதான் கதவைத் திறந்து வெச்சிருக்காங்கன்னு நெனச்சுட்டேன். அவ கோபமா போனவ, கடைசியா நான் அவகிட்ட சொன்னது “கதவைச் சாத்திட்டுப் போ, சூடு வெளிய போகுது”ங்கிறதுதான். சைக்கிளைப் போட்டேன், எண்ணெய் ரோட்டில் ஓடிச்சு, ஓடட்டும்னு விட்டுட்டு ஓடினேன்.

உள்ளே பெரிய காபிப் பாத்திரம் கொதிக்கிறது. மேசையில் கேக்கை அறுத்து அடுக்கியிருக்கிறது. வெஸ்ஸல் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி, சுவர்க்கடிகாரத்தின் ஊசலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தெருவே கறுப்பில் உட்கார்ந்திருக்கிறது, ரெண்டாவது பக்கத்துக்காரர் ஹார்ம்யானை மட்டும் காணோம், மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ட்ராய்டா கப்புத் தட்டோடு அடுக்களையிலிருந்து வந்தாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “யாரு ட்ராய்டா? சொல்லிடு, ஃபென்னாவா? ஃபென்னாவா?” என்று கதறினேன். அவளும் அழுதுகொண்டே, குனிந்த தலை நிமிராமல், “இல்லண்ணே, நீங்கதான்” என்றாள்.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். கப்பு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா மச்சான்? செத்தது நான்தான் என்று கேட்டதும் அப்பாடா என்று இருந்தது. ஃபென்னா இல்லை, நான்தான்! ட்ராய்டாவைக் கட்டிப்பிடித்துக் குதிக்காத குறை. வெஸ்ஸல் ஸ்டூலை விட்டு இறங்காமல் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், கடிகார ஊசலை மெதுவாக விட்டார், “யோவ் எக்பெர்ட், இதைவிட மோசமா இருந்திருக்கலாம்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன், அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நடந்தது என்னவென்று பிறகு ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள். இந்த மாதிரி குளிரில் எங்கள் புகைக்கூண்டில் நாள் கணக்காகப் புகையே இல்லை. சத்தம் இல்லை. பாட்டு இல்லை. ஜன்னல் திரை பகலில் மூடியிருக்கிறது, பகலில் திரை மூடினால் நம்ம ஊரில் சாவு வீடு என்று அர்த்தம், உங்களுக்கே தெரியும். “நாய்கூட ரெண்டு நாளா உங்க வீட்டைப் பார்த்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்துச்சுண்ணே” என்கிறாள் ட்ராய்டா. பொறுக்க முடியாமல் இன்று பின்கதவு வழியாக வந்து சுவர்க்கட்டிலில் எட்டிப் பார்த்திருக்கிறாள். போர்த்திக்கொண்டு ஆள் படுத்திருக்கிறது. “அண்ணே, அண்ணேன்னு கூப்பிட்டேன். தோள்ல கை வெச்சுப் பார்த்தேன், இரும்பு மாதிரி வெறைச்சுப் போயிருந்தீங்க. போர்வையை எடுக்க மனசு வரல, டாக்டர் வந்து எடுக்கட்டும்னு இவர் சொல்லிட்டார்.” எண்ணெய் வாடை வரவில்லையா என்று கேட்டேன். “வந்துச்சு. உங்க மேல வராம இருந்தாத்தானே சந்தேகப்படணும்?” உடம்பு பருமனாகத் தெரியவில்லையா? “ஃபென்னா இல்லாம கண்டதையும் தின்னு ஊதிட்டீங்கன்னு நெனச்சேன்.” சரி, வீடு இப்படிச் சூடாக இருக்கிறதே, செத்தவன் வீடு சூடாக இருக்குமா என்று யாருக்கும் தோன்றவில்லையா என்றால், வெஸ்ஸல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “தோணிச்சு. அதனாலதான் சீக்கிரம் ஏற்பாடு பண்ணணும்னு சொன்னேன்” என்கிறார்.

அத்தனை பேரும் காபி குடித்தார்கள், என் கேக்கைச் சாப்பிட்டார்கள், அடுப்பைச் சுற்றி நின்று பார்த்தார்கள். கறுப்புக் கோட்டை ஒவ்வொருவராகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள் மச்சான், அவ்வளவு சூடு! ஒருத்தர் வாயிலிருந்தும் அடுப்பைப் பற்றி ஒரு குறை வரவில்லை. இதைத்தான் நீங்கள் நியாயமாக யோசித்துப் பார்க்க வேண்டும். தெருவே நம் வீட்டுப் படி ஏறியது உண்மைதான், ஆனால் குறை சொல்ல ஏறவில்லை, என்னை அடக்கம் பண்ண ஏறினார்கள். அது வேறு, இது வேறு. நிபந்தனை நிறைவேறியதா இல்லையா, தலைமையாசிரியர் நீங்களே சொல்லுங்கள்.

நியாயத்தை விடுங்கள் மச்சான். உண்மையைச் சொல்கிறேன். இந்தச் சூட்டில் நான் மட்டும் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய? எதிரே அவள் நாற்காலி காலியாக இருக்கிறது. அவள் விரலுக்காக ஏற்றின அடுப்பு, அவள் இல்லாமல் இங்கே எரிந்துகொண்டிருக்கிறது. வாசல் கதவைப் பார்த்தபோது என்ன ஆனேன் என்பதை அவளிடம் சொல்லுங்கள், அல்லது சொல்ல வேண்டாம், இந்தப் பக்கத்தை மடித்து அவள் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளை அனுப்பி வைக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. தங்கள் இடுப்புக்கு வெதுவெதுப்பு கிடைக்கட்டும், தங்கள் வீட்டுக்குப் பெயர் தெரிந்த பக்கத்துக்காரர்கள் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உயிரோடும் பணிவோடும் உள்ள தங்கள் மைத்துனன்,
எக்பெர்ட்

பி.கு. உறையை ஒட்டப் போகும்போது ட்ராய்டா பின்கதவைத் தட்டினாள். “அண்ணே, ஹார்ம்யான் இன்னும் வரலையே, வழியில பனி அதிகமோ?” எங்கிருந்து வரவில்லை என்றேன். “சுட்ஃபென்ல இருந்துதான். ஃபென்னாகிட்ட சேதி சொல்லப் போயிருக்காருல்ல?” என்கிறாள். உயரத் தொப்பியை வைத்துக்கொண்டு காலையிலேயே காரில் கிளம்பிவிட்டாராம், சாவைப் போனில் சொன்னால் மரியாதை இல்லையாம். அவர் போனோ அவர் வீட்டு மேசையில் இருக்கிறது. வெஸ்ஸலிடம் ஓடிப்போய் ஏன்யா சொல்லவில்லை என்று கேட்டால், “நீ கேக்கவே இல்லையே” என்கிறார்! உங்களுக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று இப்போது தெரிகிறது, ஏனென்றால் அதற்குள் நீங்களும் ஃபென்னாவும் ஹார்ம்யானின் காரில் கிளம்பிவிட்டிருந்தீர்கள், இப்போது நீங்கள் எனக்கு எதிரே உட்கார்ந்து என் சாவுக் கேக்கின் கடைசித் துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எழுத்தில் இல்லாததை நம்பமாட்டீர்கள் என்பதால் இதையும் எழுதியே கையில் கொடுக்கிறேன். ஃபென்னா அந்த வாசல் கதவு வழியாகத்தான் வந்தாள், அக்காவின் கறுப்புக் கோட்டில், முகமெல்லாம் வீங்கி. என்னைப் பார்த்ததும் அலறவில்லை. கைப்பையால் ஓங்கி ஒன்று போட்டாள், இன்னொன்று போட்டாள், அப்புறம் அதே கையை அடுப்புப் பக்கம் நீட்டி, விரலை மடக்கி விரித்துப் பார்த்து, “சூடாத்தான் இருக்கு” என்றாள். இனிமேல் போக மாட்டாளாம். ஆனால் கார் சத்தம் கேட்டுத் தெருவே மறுபடி உள்ளே கூடியிருந்தது, வெஸ்ஸல் எழுந்து நின்று, என் வாழ்நாளில் அவர் பேசி நான் கேட்காத அளவுக்குப் பேசினார்: “புகை வரணும் எக்பெர்ட். தெனமும் காலைல கொஞ்சமாவது வரணும். இல்லாட்டி நீ இருக்கியா போயிட்டியான்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?” தெருவே ஆமாம் என்றது, ஃபென்னாதான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமாம் என்றாள். ஆகவே மச்சான், இவ்வளவு பாடுபட்டு நிறுத்தின புகையை நாளைக் காலையிலிருந்து ஈர வைக்கோல் போட்டு நானே கிளப்ப வேண்டும். ட்ராய்டா மட்டும் கையைத் தூக்கினாள்: “திங்கட்கிழமை வேணாண்ணே, துணி காயும். அன்னைக்கு நானே வந்து கதவைத் தட்டிப் பார்த்துக்கிறேன்.”